‘பீடி மட்டும்தான்’

அண்மையில் ஆரணியிலிருந்து பட்டு நெசவாளர் ஒருவரை அவருடைய மனைவி எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார். ஓராண்டில் பதினொரு கிலோ எடை குறைந்திருந்தது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் வலி. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டோம். கணவர் வாய் திறக்குமுன் அம்மையார் குறுக்கிட்டார்: “ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லைங்க டாக்டர். பீடி மட்டும்தான்.”

அந்த ‘மட்டும்தான்’ எங்களை உறுத்துகிறது. கணைய நோய் என்றாலே குடிகாரர் என்று ஊர் பேசிவிடுமோ என்னும் அச்சம் குடும்பத்தாருக்கு உண்டு. அவருடைய நற்பெயரைக் காக்கும் அவசரத்தில் பீடி தப்பித்துவிடுகிறது. தென்னிந்தியாவில் மதுவையே அறியாத இளைஞர்களுக்கும் நாள்பட்ட கணைய அழற்சி வருகிறது என்பதைக் கேரளத்தில் மருத்துவர் ஜீவர்கீஸ் 1960-களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே குடிக்காதவர் என்பதால் கணையம் நலமாக இருக்கும் என்று கொள்ள முடியாது.

குறை எங்களிடமும் இருக்கிறது. மதுவைப் பற்றி மருத்துவர்கள் இருமுறை கேட்கிறோம். புகையைப் பற்றிப் படிவத்தில் ஒரு குறியிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கணையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரைச் சுரக்கிறது. மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் அதில் உள்ளன. இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் உள்ளது. புகைப்போரின் கணைய நீரில் இந்தப் பைகார்பனேட் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அது குறைந்தால் நீர் கெட்டிப்பட்டு நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளக்கூடும். நாளடைவில் கற்களும் தோன்றலாம். அமிலம் தணியாத குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதியும் செயலிழக்கிறது. சுரப்பியின் மென்திசு வடுவாக இறுகுவதையும் புகை விரைவுபடுத்துகிறது. பீடி சிறியதாயிற்றே என்று எண்ண வேண்டா; அதன் புகையில் வரும் நிகோட்டின் சிகரெட்டினதற்குக் குறைந்ததன்று.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அக்கணமே அறிவார். கணையம் அவ்வாறு அறிவிப்பதில்லை. லைபேஸ் சுரப்பில் பத்தில் ஒன்பது பங்கு போன பின்னரே மலத்தில் கொழுப்பு தெரியத் தொடங்கும்: வெளிறிய, எண்ணெய் மிதக்கும், கடும் நாற்றமுள்ள மலம், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. இதைக் கூச்சத்தால் நோயாளிகள் சொல்வதில்லை. நாங்களாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்நிலையில் வீட்டில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? எண்ணெய் ஆகாது, முட்டை ஆகாது என்று ஒவ்வொன்றாக நிறுத்தி வெறும் கஞ்சியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த அம்மையாரும் ஆறு மாதம் அதைத்தான் செய்திருந்தார். அன்பால் செய்தது, ஆனால் ஏற்கெனவே மெலிந்தவர் மேலும் மெலிந்தார். கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேராமல் போவதால் எலும்பு வலுவிழக்கும். மங்கிய வெளிச்சத்தில் கண் தெரியாமலும் போகலாம். சரிகை இழையைப் பார்த்து நெய்பவருக்கு அது பிழைப்பைப் பறிக்கும் குறை.

உணவைக் குறைப்பதன்று, செரிக்க வைப்பதே சிகிச்சை. நொதி மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கக்கூடாது. முதற் கவளத்தோடும் சாப்பாட்டின் நடுவிலுமாக, மருத்துவர் சொன்ன அளவில் உட்கொள்ள வேண்டும். ஆனால் மாத்திரை இழந்த நொதியைத்தான் தரும். எஞ்சியிருக்கும் சுரப்பியைப் புகையிலிருந்து காக்காது. மாத்திரைக்கும் பீடிக்கும் ஒருசேரச் செலவழிப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. விட முயல்வோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். எங்களிடமும் தயங்காமல் சொல்லலாம்.

தறிமேடையில் பீடி பற்றவைப்பீர்களா என்று அவரைக் கேட்டோம். “பொறி விழுந்தா சேலை போச்சுங்களே, தெருவுக்குப் போய்த்தான்” என்றார்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது நான்கு கிலோ ஏறியிருந்தது. பீடி நாளைக்கு மூன்றாகக் குறைந்துவிட்டது என்றார் அவர். ஐந்து என்றார் அம்மையார்.