கருவியைச் செய்யும் கருவி

அறுவை சிகிச்சை அரங்கில் ஊசியும் நூலும் செய்துவந்த வேலையின் ஒரு பகுதியை இன்று ஸ்டேப்ளர் செய்கிறது. புற்றுநோய் பாதித்த குடல் பகுதியை நீக்கிவிட்டு இரு முனைகளையும் இணைக்கவும், நுரையீரலின் ஒரு பகுதியை அகற்றவும், உடல் பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கவும் மருத்துவர்கள் இதையே நாடுகிறார்கள். இந்திய நிறுவனங்கள் சிலவும் இக்கருவியைத் தயாரிக்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், உள்நாட்டு உற்பத்தி குறித்த நமது விவாதங்களில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது என்று நினைக்கிறேன். ஸ்டேப்ளரைத் தயாரிக்கும் இயந்திரத்தை யார் தயாரிப்பது என்பதே அந்தக் கேள்வி.

கேள்வியின் கனத்தை உணர, கருவியின் உள்ளே சற்றுப் பார்க்க வேண்டும். 60 மி.மீ. நீளமுள்ள ஒரு கார்ட்ரிட்ஜில் ஆறு வரிசைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட டைட்டானியம் பின்கள் இருக்கும். திசுவின் தடிமனுக்கு ஏற்ப அவற்றின் கால்களின் உயரம் சில மில்லிமீட்டர்தான். மருத்துவர் விசையை இயக்கும்போது ஒவ்வொரு பின்னும் ஆங்கில ‘பி’ எழுத்தின் வடிவில் மடங்க வேண்டும். நடுவே ஒரு கத்தி திசுவை வெட்டிக்கொண்டு செல்லும். எண்பதில் ஒன்று இல்லாமல் போனாலோ, கோணலாக அமர்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் குடல் கசியலாம், ரத்தம் பெருகலாம். மிக மெல்லிய கம்பியை வெட்டி, வளைத்து, அதற்குரிய குழியில் பிசகாமல் அமர்த்தி, அமர்ந்ததைச் சரிபார்த்து, இதையே லட்சக்கணக்கான முறை செய்யும் இயந்திரம் இல்லாமல் நம்பகமான ஸ்டேப்ளர் இல்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. 1908-இல் புடாபெஸ்டில் ஹியூமர் ஹூல்டில் என்ற அறுவை மருத்துவர், கருவி வடிவமைப்பாளர் விக்டர் ஃபிஷருடன் சேர்ந்து முதல் ஸ்டேப்ளரை உருவாக்கினார். அதன் எடை மூன்றரைக் கிலோவுக்கும் அதிகம். ஒவ்வொரு முறையும் பாகங்களைப் பூட்டித் தயார்செய்ய இரண்டு மணி நேரம் ஆனது. பின்னர் சோவியத் ஒன்றியம் இத்துறையில் முன்னேறியது. அங்கும் பின்களைக் கையால்தான் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டியிருந்தது. 1958-இல் அங்கு சென்ற அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிச் அக்கருவியைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1964-இல் லியோன் ஹிர்ஷ் தொடங்கிய நிறுவனம், தொழிற்சாலையிலேயே பின்கள் நிரப்பப்பட்டு, கிருமிநீக்கம் செய்யப்பட்ட கார்ட்ரிட்ஜை அறிமுகப்படுத்தியது. ஸ்டேப்ளர் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். பின்களை நிரப்பும் வேலை செவிலியரின் கையிலிருந்து தொழிற்சாலைக்கு மாறியதே உண்மையான திருப்பம்.

அந்த மாற்றத்தோடு பொறுப்பும் இடம் மாறியது. 2011 ஜனவரி முதல் 2018 மார்ச் வரை ஸ்டேப்ளர்கள் தொடர்பாக 41,000-க்கும் மேற்பட்ட பாதக நிகழ்வுகள் பதிவானதாகவும், அவற்றில் 366 இறப்புகள் அடங்கும் என்றும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-இல் அறிவித்தது. இவை அனைத்தும் உற்பத்திக் குறைகள் அல்ல. பயன்படுத்துவோரின் தவறுகளும் இவற்றில் உண்டு. எனினும், அதே ஆண்டில் எத்திகான் நிறுவனம் குடலை இணைக்கப் பயன்படும் வட்ட ஸ்டேப்ளர்களைத் திரும்பப் பெற்றபோது, 2018 மார்ச்சில் உற்பத்தி முறையில் நேர்ந்த ஒரு மாற்றம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது தெரியவந்தது. நெடுங்கால அனுபவம் உள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், உற்பத்தி இயந்திரத்தின் நுட்பத்தை முழுமையாக அறியாமல் அதை விலைக்கு வாங்கி மட்டும் இயக்குபவர் பிழையை எப்படிக் கண்டறிவார்?

இந்தியா தனக்குத் தேவையான மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதியை இன்னும் இறக்குமதி செய்கிறது. நிலைமையை மாற்ற 2020-இல் ரூ.3,420 கோடியில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. 2023-இல் தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கை வந்தது. 2024 நவம்பரில் ரூ.500 கோடியில் மேலும் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் திட்டத்தின் ஊக்கத்தொகை, கூடுதல் விற்பனையின் அடிப்படையில் கிடைப்பது. கடைசித் திட்டம் உதிரிபாகங்களின் உள்நாட்டு உற்பத்திக்கும் கைகொடுக்கிறது. அடுத்த படி, உற்பத்தி இயந்திரங்களின் கண்டுபிடிப்பாக இருக்க வேண்டும். அதற்குத் தனி ஊக்கம் இல்லையெனில், பொருள் நம்முடையதாகவும் அதன் நுட்பம் பிறருடையதாகவும் இருக்கும் நிலை தொடரும்.

அதற்கான திறமை நம்மிடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோவையின் முருகானந்தம் உலகப் புகழ் பெற்றது சானிட்டரி நாப்கினைக் கண்டுபிடித்ததால் அல்ல, அதைக் குறைந்த செலவில் தயாரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்ததால். ஒசூரில் டைட்டன் நிறுவனம் கைக்கடிகாரங்களுக்காக வளர்த்துக்கொண்ட துல்லியப் பொறியியல் அனுபவத்திலிருந்து, பிற ஆலைகளுக்கு அசெம்ப்ளி இயந்திரங்களை வடிவமைத்துத் தரும் தனித் தொழிலே உருவானது. கடிகாரத்தின் சிறு பாகங்களைப் பிசகாமல் பொருத்தத் தெரிந்த கைகளுக்கு ஸ்டேப்ளர் பின் எட்டாத தொலைவில் இல்லை.

‘இயந்திரத்தை வாங்கிக்கொள்ளலாமே, எதற்காக மீண்டும் கண்டுபிடிக்க வேண்டும்?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால், இத்தகைய இயந்திரங்கள் கடையில் கிடைக்கும் சரக்கு அல்ல. ஒரு குறிப்பிட்ட வடிவமைப்புக்காகவே செய்யப்படுபவை. வடிவமைப்பில் சிறு மாற்றம் செய்தாலும் இயந்திரத்தை மாற்ற வேண்டும். அதன் நம்பகத்தன்மையை மறுபடியும் நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு வல்லுநருக்காகக் காத்திருப்பவரால் விலையையும் குறைக்க முடியாது, தரத்தையும் உயர்த்த முடியாது. சுமை நோயாளியின் தலையில்தான் விழும். இரைப்பையைச் சுருக்கும் ஓர் அறுவை சிகிச்சைக்கே ஐந்தாறு கார்ட்ரிட்ஜ்கள் தேவைப்படலாம். ஒவ்வொன்றின் விலையும் பல ஆயிரம் ரூபாய்.

எனவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவதாக, மருத்துவக் கருவிகளுக்கான உற்பத்தி இயந்திரங்களை வடிவமைக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு, விற்பனை தொடங்கும் முன்பே மேம்பாட்டு நிதி கிடைக்க வேண்டும். இரண்டாவதாக, ஒரகடத்தில் திட்டமிடப்பட்டுள்ள மருத்துவக் கருவிகள் பூங்காவில், அறுவை மருத்துவர்களும் டூல் அண்டு டை வல்லுநர்களும் சேர்ந்து இயந்திரங்களைச் சோதிக்கும் பொதுக்கூடம் அமைய வேண்டும். மூன்றாவதாக, மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரியாக விளங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தரச் சோதனையில் தேறும் கருவிகளுக்குப் பல ஆண்டு கொள்முதல் உறுதியைத் தர வேண்டும். சந்தை உறுதியானால்தான் இயந்திரத்தில் முதலீடு செய்ய ஒருவர் துணிவார்.

‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்ற முத்திரை மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது. அதன் பின்னால், ஒவ்வொரு பின்னும் தன் இடத்தில் அமர்ந்திருக்கிறதா என்று அறிந்த ஓர் இயந்திரமும், அந்த இயந்திரத்தை முழுமையாக அறிந்த ஒரு பொறியாளரும் நம் மண்ணில் இருக்க வேண்டும். தற்சார்பு என்பதற்கு அதுவே பொருள்.