38 சதவீதமா? அத்தோட விட்டுடாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். ஊனச் சான்று கேட்டு, உதவித்தொகை கேட்டு, "உங்களுக்கு வராதும்மா"ன்னு திருப்பி அனுப்பப்பட்டவங்க யாராவது உங்க வீட்டுலயோ தெருவுலயோ இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. இல்லன்னா சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. என்னைக்காவது தேவைப்படும்.

1. நான் அரசு மருத்துவமனையில எம்பிபிஎஸ் டாக்டர். சதவீதம் போடுற போர்டுல நான் கிடையாது. அங்க எலும்பு, காது மூக்கு தொண்டை, கண், மனநலம்னு ஸ்பெஷலிஸ்ட்டுகள் உட்காருவாங்க. அவங்க திருப்பி அனுப்பினவங்க அடுத்து வந்து நிக்கிற இடம்தான் என் ஓபி. "சார், ரெண்டு பெர்சென்ட் சேர்த்துப் போடச் சொல்லுங்க சார்"னு கையெடுத்துக் கும்பிடுவாங்க. நான் சொல்ற ஒரே பதில்: கும்பிடாதீங்க. அப்பீல் பண்ணுங்க.

2. முதல்ல இந்த 40 என்ன கணக்கு? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19-ல் அமலுக்கு வந்தது. முந்தைய 1995 சட்டத்துல 7 வகை ஊனம். இதுல 21 வகை. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தாதான் அரசு வேலையில 4% ஒதுக்கீடு, உயர்கல்வியில 5% ஒதுக்கீடு. நம்ம ஊர்ல ஓஏபி பணம்னு சொல்ற, தாலுகா ஆபீஸ் வழியா வர்ற மாதம் 1,500 ரூபாய்க்கும் இந்தக் கோட்டைத் தாண்டணும்.

3. அதாவது 38-க்கும் 40-க்கும் நடுவுல இருக்கிறது ரெண்டு சதவீதம் இல்ல. ஒரு குடும்பத்தோட அரிசி, ஒரு பையனோட வேலை.

4. இப்போ யோசிங்க. ரத்தத்துல சர்க்கரை 38-னு மெஷின் காட்டினா அது அளவு. கால்ல ஊனம் 38%-னு ஒருத்தர் எழுதினா அது மதிப்பீடு. மூட்டு எவ்வளவு மடங்குது, தசைக்கு எவ்வளவு பலம், நிக்க, நடக்க, படி ஏற முடியுதான்னு ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டுக் கூட்டி வர்ற எண். முழுசாப் பார்க்க நேரம் வேணும். முகாம் நாள்ல வரிசை வாசலைத் தாண்டி நிக்கும்போது அந்த நேரம் யாருக்குக் கிடைக்குது? டாக்டரைக் குறை சொல்லல. அவசரத்துல வந்த எண்ணைத் தலையெழுத்து மாதிரி ஏத்துக்காதீங்கன்னு சொல்றேன்.

5. ஒரு உதாரணம். சித்தாள் வேலை பார்த்த அம்மா, சாரத்துல இருந்து விழுந்தவங்க. கால் சரியில்ல, அதே விபத்துல காதும் போச்சு. எலும்பு டாக்டர் காலுக்கு 30% போட்டார். "40 இல்ல, வராது"ன்னு அனுப்பிட்டாங்க. காதை யாருமே பார்க்கல! காதுக்கும் ஒரு 30% வருதுன்னு வெச்சுக்குவோம். ரெண்டையும் சேர்க்க மத்திய அரசு வழிகாட்டுதல்லயே கணக்கு இருக்கு: பெரிய எண்ணை 90-ல் கழி, மிச்சத்தைச் சின்ன எண்ணால பெருக்கி 90-ஆல வகு, வர்றதைப் பெரிய எண்ணோட கூட்டு. 30-ம் 30-ம் சேர்ந்தா 50. அந்த அம்மா கோட்டுக்குப் பத்து சதவீதம் மேல நிக்கிறாங்க. பேப்பர்ல பத்து சதவீதம் கீழ.

6. கண்ணுக்குத் தெரியாத ஊனம்னா நிலைமை இன்னும் மோசம். ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல், மனநோய் எல்லாமே அந்த 21-ல் இருக்கு. "ஆள் நல்லாத்தானே நிக்கிறான்" என்பது மருத்துவமும் இல்ல, சட்டமும் இல்ல. மனநோய்க்கு ஐடியாஸ்னு தனி அளவுகோல் இருக்கு. தன்னைத் தானே கவனிச்சுக்கிறது, மனுஷங்களோட பழகுறது, பேசிப் புரிஞ்சுக்கிறது, வேலை. இந்த நாலோட நோய் எத்தனை வருஷமா இருக்குன்னும் பார்ப்பாங்க. இதையெல்லாம் நோயாளி வாயால மட்டும் கேட்டு முடிச்சா எப்படிச் சரியா வரும்? கூட இருந்து பார்க்கிற ஒருத்தர் கட்டாயம் போகணும், பேசணும்.

7. சரி, மறுத்துட்டாங்க. என்ன செய்யணும்?

முதல் விஷயம், எழுத்துல வாங்குங்க. ஊனம் இல்லன்னு போர்டு முடிவு பண்ணினா அதை எழுத்துல தெரிவிக்கணும்னு சட்டத்தோட 58-வது பிரிவு சொல்லுது. காரணத்தையும் எழுத்துல சொல்லணும்னு விதிகள் சொல்லுது. "போயிட்டு வாம்மா" என்பது உத்தரவு இல்ல. வாயால சொன்னதை எதிர்த்துக் கோர்ட்டுல நிரூபிக்கிறது கஷ்டம்.

8. தர மாட்டேங்கிறாங்களா? தகவல் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில். "என்னைப் பரிசோதித்த நாளின் மதிப்பீட்டுத் தாளின் நகல் வேண்டும்"னு ஒரே வரி போதும். எந்த மூட்டுக்கு எவ்வளவு போட்டாங்க, எதைப் பார்க்காமலே விட்டாங்கன்னு அதுல தெரியும்.

9. அடுத்து 59-வது பிரிவு. போர்டு முடிவுல திருப்தி இல்லாத யார் வேணும்னாலும், மாநில அரசு நியமிச்ச மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம். இது சலுகை இல்ல, சட்டம் கொடுத்த உரிமை. அந்த அதிகாரி யார், எத்தனை நாளைக்குள்ள போகணும்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல எழுதிக் கேளுங்க. தள்ளிப்போடாதீங்க. கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காம வீட்டுக்கு வராதீங்க.

10. அதுக்கும் அசையலன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சியைக் கூப்பிட, ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல, அவருக்கு சிவில் நீதிமன்றத்தோட அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை பண்ணினா சம்பந்தப்பட்ட துறை மூணு மாசத்துக்குள்ள நடவடிக்கை எடுத்துச் சொல்லணும். ஏத்துக்கலன்னா ஏன்னு காரணம் சொல்லணும்.

11. கடைசியா ஹைகோர்ட். அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 226, ரிட் மனு. சென்னையிலயோ மதுரைக் கிளையிலயோ போடலாம். இங்க ஒரு விஷயம் தெளிவாப் புரிஞ்சுக்கோங்க. நீதிபதி உங்க முழங்காலை அளக்க மாட்டார். "38 இல்ல, 42"ன்னு பொதுவாத் தீர்ப்பு எழுத மாட்டார். முறைப்படி பரிசோதிச்சாங்களா, காரணம் எழுதினாங்களா, கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்தாங்களான்னுதான் பார்ப்பார். இல்லன்னு தெரிஞ்சா வேற மருத்துவக் குழு மறுபடி பரிசோதிக்கணும்னு அனுப்புவார். நீங்க ஜெயிக்கப் போறது அந்த இரண்டாவது, ஒழுங்கான பரிசோதனையைத்தான்.

12. அதனாலதான் எழுத்து, எழுத்துன்னு இவ்வளவு சொல்றேன். மோகிந்தர் சிங் கில் வழக்குல (1977) சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்னைக்கும் உறுதியா நிக்குது: ஒரு உத்தரவு, அதுல எழுதியிருக்கிற காரணத்தாலதான் நிக்கணும். பின்னாடி கோர்ட்டுல வந்து புதுசாக் காரணம் சேர்க்க முடியாது. காரணமே எழுதாத மறுப்பு எவ்வளவு பலவீனம்னு இப்போ புரியுதா?

13. "இந்த 1,500 ரூபாய்க்கு ஹைகோர்ட்டா?"ன்னு சிரிக்கிறவங்களுக்கு. வருஷத்துக்கு 18,000. பத்து வருஷத்துக்கு 1,80,000. தினக்கூலிக்குப் போக முடியாத ஒருத்தருக்கு அது சின்னப் பணமா? வக்கீல் செலவுக்குப் பயப்படாதீங்க. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன்படி மாற்றுத்திறனாளிகள், பெண்கள், எஸ்சி எஸ்டி மக்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. வருமானம் குறைவா இருக்கிற மத்தவங்களுக்கும் உண்டு. ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்துலயும் அந்த ஆபீஸ் இருக்கு. போன்ல கேட்க 15100.

14. மாணவர்களுக்குத் தனியா ஒண்ணு. 40% இல்லன்னா எதுவுமே கிடைக்காதுன்னு நினைக்காதீங்க. எழுதும்போது கை இழுத்துக்கிற ஒரு தேர்வருக்கு, 40% இல்லாட்டியும் பரீட்சை எழுத உதவியாளர் தரணும்னு 2021-ல் யுபிஎஸ்சி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2024 அக்டோபர்ல இன்னொரு தீர்ப்பு: பேச்சுக் குறைபாடு அதிகம்ங்கிற எண்ணை மட்டும் வெச்சு எம்பிபிஎஸ் சீட்டை மறுக்கக் கூடாது, அந்த ஊனம் படிப்புக்கு உண்மையிலேயே தடையான்னு போர்டு பார்த்துக் காரணம் எழுதணும். அந்த ரெண்டு பேரும் "விதி அப்படி"ன்னு வீட்டுக்குப் போயிருந்தா இந்தத் தீர்ப்புகளே இல்ல.

15. இப்போ எதிர்வாதம். "எல்லாம் போலி சர்டிஃபிகேட் சார், ஐஏஎஸ் பயிற்சியில இருந்தவங்களே மாட்டினாங்களே!" ஆமா, 2024-ல் அந்தப் புகார் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மோசடி பண்ணிச் சலுகை வாங்கினா 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்னு இதே சட்டத்தோட 91-வது பிரிவு இருக்கு. பிடிங்க, போடுங்க, யார் வேண்டாம்னா? ஆனா பெரிய இடத்துல ஒருத்தர் மேல புகார் வந்ததுக்கு, ஊன்றுகோலோட பஸ் மாறி வர்ற சித்தாள் அம்மா எதுக்கு அபராதம் கட்டணும்?

16. உள்ளே இருந்து பார்க்கிறவனா ஒண்ணு சொல்றேன். 42 போட்ட டாக்டர்கிட்ட "ஏன் போட்ட?"ன்னு விசாரணை வரலாம். 38 போட்ட டாக்டரை யாரும் எதுவும் கேட்கிறதில்ல. பயம் முழுக்க ஒரே பக்கம் இருந்தா தராசு எந்தப் பக்கம் சாயும்? மறுக்கப்பட்ட ஒவ்வொருத்தரும் அப்பீல் போனாதான் இந்தப் பக்கமும் கேள்வி வரும்.

17. மத்திய அரசைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்துல 18 முதல் 79 வயது வரை இருக்கிறவங்களுக்கு மத்திய அரசோட பங்கு மாதம் 300 ரூபாய். அதுவும் 80% ஊனம் இருக்கணும், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கணும். 2012-ல் 200-ஐ 300 ஆக்கினாங்க. அத்தோட சரி. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்! இதைத் தரத்தான் இவ்வளவு சந்தேகம், இவ்வளவு அலைச்சல்.

18. கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்ல.

மறுப்புக் கடிதத்துலயே எங்க, எத்தனை நாளைக்குள்ள அப்பீல் பண்ணணும்னு தமிழ்ல அச்சடிங்க. அதே விவரத்தை முகாம் நடக்கிற இடத்துல சுவர்ல எழுதிப் போடுங்க.

அப்பீலை முதல்ல பார்த்த அதே டாக்டர்கிட்ட அனுப்பாதீங்க.

ஒண்ணுக்கு மேல குறை சொல்றவங்களை, எல்லாத் துறையும் பார்க்காம வெளியே அனுப்பாதீங்க.

போர்டுல உட்காருற என் சீனியர்களுக்கு: காரணத்தை ரெண்டு வரி எழுதிடுங்க சார். சரியா மறுத்திருந்தா அந்த ரெண்டு வரிதான் கோர்ட்டுல உங்களைக் காப்பாத்தும்.

19. மறுபடி போகும்போது எடுத்துட்டுப் போக வேண்டியது: டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், காது பரிசோதனை ரிப்போர்ட், பழைய ஓபி சீட்டுகள், மறுப்புக் கடிதம். எல்லாத்துக்கும் ரெண்டு நகல். உங்களைத் தினமும் பார்க்கிற ஒரு ஆள். ஒரு வெள்ளைத் தாள்ல, எந்த வேலையை உங்களால செய்ய முடியலன்னு பட்டியல்: குத்தவெச்சு உட்கார முடியல, குடம் தூக்க முடியல, ராத்திரி தனியா பாத்ரூம் போக முடியல. கூச்சப்படாம எழுதுங்க. டாக்டர் கேட்க மறந்தாலும் அந்தத் தாள் ஃபைல்ல இருக்கும்.

20. 2011 சென்சஸ் கணக்குல இந்தியாவுல 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். உங்க தெருவுலயும் ஒருத்தர் இருப்பார். போன் இல்லாதவரா, படிக்கத் தெரியாதவரா இருக்கலாம். இந்த த்ரெட்டை லைக் போடுறதை விட, அந்த ஒருத்தர் வீட்டுக்குப் போய் "மறுத்த கடுதாசி இருக்கா, எடுங்க பார்ப்போம்"னு கேளுங்க. கடுதாசியே இல்லன்னு சொன்னா, பாயிண்ட் 8-ல் இருந்து ஆரம்பிங்க.