ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்ததா? போலி நில ஆவண வழக்குகளில் கவனிக்க வேண்டியவை

போலி ஆவணத்தால் நிலம் கைமாறிய வழக்குகளில் குற்றஞ்சாட்டப்படுபவர் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை. உரிமையாளராக நடித்தவர், கையெழுத்துப் போட்டவர், இடைத்தரகர், சான்றிதழ் கொடுத்த அதிகாரி என்று நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்து இன்னொருவருக்கு மறுக்கப்பட்டால், பணம் விளையாடிவிட்டது என்ற பேச்சு கிளம்பிவிடும்.

ஜொகூர் குளுவாங் மாவட்டத்தில் உள்ள பாலோ போன்ற ஊர்களில் இது வெறும் பேச்சாக நின்றுவிடுவதில்லை. தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் தாத்தா வாங்கிய நிலம், அவர் காலமான பிறகும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. பிள்ளைகள் வேலைக்காக ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள். கிராண்ட் எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மோசடிக்காரர்களுக்கு இது வசதியான நிலைமை. ஆகவே ஜாமீன் என்றால் என்ன, அது எதைத் தீர்மானிக்காது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு பேசப்பட்ட கரூர் வழக்கு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சுமார் 100 கோடி ரூபாய் மதிப்புள்ள 22 ஏக்கர் நிலத்தைப் போலி ஆவணம் மூலம் பதிவு செய்ததாக அதிமுக முன்னாள் அமைச்சர் எம்.ஆர்.விஜயபாஸ்கர் மீதும் வேறு சிலர் மீதும் புகார் எழுந்தது. அசல் பத்திரம் காணாமல் போய்விட்டது என்று காவல்துறை கொடுத்ததாகக் காட்டப்பட்ட சான்றிதழ்தான் புகாரின் மையம். சென்னை வில்லிவாக்கம் காவல் ஆய்வாளர் ஒருவரும் இதில் கைதானார். இது அரசியல் பழிவாங்கல் என்பது அதிமுக தரப்பின் வாதம்.

விஜயபாஸ்கரின் முன்ஜாமீன் மனு இரு முறை தள்ளுபடியானது. ஜூலை 16ஆம் தேதி கேரளாவின் திருச்சூரில் சிபிசிஐடி போலீசார் அவரைக் கைது செய்தனர். ஜூலை 31ஆம் தேதி கரூர் நீதிமன்றம் அவருக்கும் அவருடன் கைதான ஆதரவாளர் ஒருவருக்கும் நிபந்தனை ஜாமீன் வழங்கியது. முதலில் மறுப்பு, இரண்டு வாரச் சிறைக்குப் பிறகு அனுமதி. இதில் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இரு கட்டங்களிலும் நீதிமன்றத்தின் முன் இருக்கும் கேள்வி வேறு. விசாரணை தொடங்கும் நேரத்தில், ஆளைப் பிடித்து விசாரிக்காமல் உண்மையை வெளிக்கொணர முடியுமா என்று பார்ப்பார்கள். கைதான பிறகு, இனியும் உள்ளே வைத்திருக்கத் தேவை உண்டா என்று பார்ப்பார்கள். குற்றம் செய்தாரா இல்லையா என்பதை இரண்டுமே முடிவு செய்வதில்லை.

மலேசியாவிலும் இதே அடிப்படைதான். குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றத்துக்கு ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம் உண்டு. மதிப்புமிக்க பத்திரத்தைப் போலியாகத் தயாரித்தால் 467ஆவது பிரிவின் கீழ் 20 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். இவற்றில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. நீதிமன்றத்தின் விருப்புரிமையைப் பொறுத்தது. தப்பி ஓடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, மீண்டும் குற்றம் செய்வாரா, குற்றத்தில் அவர் பங்கு என்ன, உடல்நிலை எப்படி என்பதெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடைபோடப்படும். ஒரே வழக்கில் ஒருவருக்கு ஒரு தொகையும் மற்றவருக்கு வேறு தொகையும் நிர்ணயிக்கப்படுவதன் காரணம் இதுவே. தொகையும் தண்டனை அல்ல. அவர் மீண்டும் நீதிமன்றத்துக்கு வருவதை உறுதிப்படுத்தப் போதுமானதாக இருக்க வேண்டும்; அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

இங்கே ஜாமீன் நிற்பவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். தம்பிதானே, மச்சான்தானே என்று கையெழுத்துப் போடுகிறோம். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆஜராகாவிட்டால் அந்தப் பணம் பறிமுதலாகலாம். உறவுக்காக நிற்பதில் தவறில்லை. ஆனால் நிற்பவர் தம் பொறுப்பை அறிந்து நிற்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கோ இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. யாருக்கு ஜாமீன், எவ்வளவு என்று நீதிமன்றத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நிலம் இன்னொருவர் பெயருக்கு மாறிவிடலாம். குற்றவியல் வழக்கு நடப்பதால் மட்டும் நில அலுவலகப் பதிவேடு தானாக உறைந்துவிடாது.

பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு தாய்லாந்துப் பெண்மணியின் நிலத்தை, அவர் போல நடித்த ஒருவர் விற்றுவிட்டார். போலிக் கையெழுத்தாக இருந்தாலும் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே நிலம் சொந்தம் என்று 2000ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடோர்னா வழக்கு என்று பெயர் பெற்ற அந்தத் தீர்ப்பு தவறு என்று, 2010 ஜனவரியில் தான் இங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அறிவித்தது. தேசிய நிலச் சட்டத்தின் 340ஆவது பிரிவின்படி, போலி ஆவணம் மூலம் முதலில் பெயர் மாற்றிக்கொண்டவரின் உரிமையை ரத்து செய்யலாம். ஆனால் அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கும் அடுத்தவருக்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. நிலம் மூன்றாவது கைக்குப் போய்விட்டால், உண்மையான உரிமையாளர் அதை மீட்பது மிகக் கடினம்.

ஆகவே மோசடி தெரிந்த உடனே போலீஸ் புகாரோடு நிற்காமல் நில அலுவலகத்துக்கும் போக வேண்டும். பதிவேட்டில் தேடல் செய்து யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கறிஞர் மூலம் தனியார் கேவியட் போடலாம். அது 6 ஆண்டு வரை நீடிக்கும், அதுவரை நிலத்தைக் கைமாற்றுவது தடைப்படும். மோசடியைத் தடுக்கப் பதிவாளரே கேவியட் போடவும் சட்டத்தில் இடமுண்டு. பதிவை ரத்து செய்யக் கோரும் சிவில் வழக்கைத் தனியாகத் தொடுக்க வேண்டும்.

இன்னும் எதுவும் நடக்காத குடும்பங்கள், இறந்தவர் பெயரில் உள்ள நிலத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் வேலையை இப்போதே தொடங்குவது நல்லது. ஜாமீனில் வந்தவர் நிபந்தனையை மீறினால் அவரை மீண்டும் உள்ளே அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நல்லெண்ணத்தோடு வாங்கிய மூன்றாமவர் பெயருக்குப் போன நிலத்தை அப்படி எளிதில் திருப்பிக் கொண்டுவர முடியாது.