சாலையோரத்து ஒற்றையடிப் பாதை

மலேசியாவில் வசந்தகாலம் இல்லை என்று புவியியல் பாடம் கூறும். கூலிம் வட்டாரத்து மக்கள் இதை முழுமையாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறட்சியில் இங்குள்ள பால்மரங்கள் இலை பழுத்து உதிர்க்கின்றன. தோட்டப் பாதையில் நடந்தால் சருகுகள் காலடியில் நொறுங்கும். சில வாரங்களில் மொட்டைக் கிளைகளில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றிப் பிறகு பச்சையாக மாறும். இந்தப் பருவத்தில் பால் குறையும்; பால்வெட்டுத் தொழிலாளர்களின் வருமானமும் குறையும். ஆகவே, தோட்டக் குடும்பங்களுக்கு இந்த அழகு சற்று விலை கூடியதுதான்.

நகரத்திலும் இதே பருவத்தின் அடையாளங்கள் தெரியும். கெடாவின் பல சாலைகளில் நடப்பட்டுள்ள தெக்கோமா மரங்கள் வறட்சிக்குப் பிறகு வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கின்றன. ஜப்பானின் சகுராவைப் போல இருப்பதாகக் கூறி, மக்கள் மகிழுந்தை ஓரமாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கின்றனர். அங்சானா மரத்தின் மஞ்சள் பூக்களோ மலர்ந்த மறுநாளே உதிர்ந்து தரையை மூடிவிடும். இவற்றை நின்று, நிதானமாகப் பார்க்க நடந்துதான் செல்ல வேண்டும். ஆனால், எங்கே நடப்பது?

கெடாவில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்று பொழுது விடிந்ததும் கூலிம் நகரத்துப் பழைய கடைவீதியிலிருந்து ஒருவர் புறநகர்ப் பெருஞ்சாலையை நோக்கி நடக்கத் தொடங்கினால், முதலில் அவருக்கு எந்தக் குறையும் இருக்காது. கடைகளின் முன்னால் கூரையுடன் கூடிய ஐந்தடி இருக்கிறது. ‘அஞ்சடி’ என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் இந்த நடைபாதைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1822-இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தை வகுத்தபோது, கடைவீடுகளின் முன்புறம் மக்கள் நடப்பதற்குக் கூரையுள்ள வழி விடப்பட வேண்டும் என்று ராஃபிள்ஸ் விதித்தார். அந்த வழக்கம் மலாயா நகரங்களிலும் பரவியது. வெயிலும் மழையும் மிகுந்த ஊரில் நடப்பவருக்கு நிழல் தேவை என்பதை அந்தக் காலத்து விதி அறிந்திருந்தது. இன்று சில கடைக்காரர்கள் அதே ஐந்தடியில் பொருள்களை அடுக்கி வழியை மறிப்பது வேறு கதை.

கடைவீதி முடிந்ததும் காட்சி மாறுகிறது. சாலை அகன்று நான்கு தடங்களாகிறது. ஓரத்தில் புல்தரை, அதையடுத்து ஆழமான கால்வாய். நடைபாதை சில இடங்களில் இருக்கிறது. சில இடங்களில் திடீரென நின்றுவிடுகிறது. கால்வாயின் மேல் போடப்பட்ட சிமெண்டுப் பலகை ஒன்று உடைந்திருந்தால், அதைக் கடப்பவர் சாலைக்குள் இறங்க வேண்டும். கனவுந்து கடக்கும்போது எழும் காற்றில் குடையைப் பிடித்துக்கொள்வதே பெரும்பாடு.

இந்தச் சாலைகள் அகன்றதற்குக் காரணம் உண்டு. 1996-இல் நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா கூலிமில் திறக்கப்பட்டது. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. இந்த வளர்ச்சியைக் குறை கூற முடியாது. லயத்திலிருந்து பெரட்டுக் களத்திற்கும், பள்ளிக்கும், கோயிலுக்கும் நடந்தே போன தலைமுறைக்குப் பிறகு வந்தவர்கள் மோட்டார் சைக்கிளும் மகிழுந்தும் வாங்கினார்கள். வாகனங்கள் பெருகப் பெருகச் சாலைகள் அவற்றுக்காகவே அமைக்கப்பட்டன. நடப்பவரைப் பற்றிய நினைவு மட்டும் வழியில் எங்கோ தவறிவிட்டது.

“இந்த வெயிலில் யார் நடக்கிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் கடுமையானது என்பது உண்மைதான். அண்டை மாநிலமான பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் 40.1 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாகியது. இருந்தாலும், நடப்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டாத மாணவர்கள், பேருந்துக்குப் போகும் மூதாட்டிகள், விடுதியிலிருந்து கடைக்குச் செல்லும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வேறு வழியில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்தனர். அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பாதசாரிகள்.

நடைமேம்பாலம் கட்டினால் போதும் என்பது இன்னொரு கருத்து. வாகனம் வேகம் குறையாமல் சமதரையில் ஓட, முழங்கால் வலியுள்ள பாட்டி படியேற வேண்டும் என்பது என்ன முறை? சக்கர நாற்காலியில் செல்பவருக்கு அந்தப் படிகள் சுவருக்குச் சமம். பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்று நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சமிக்ஞை விளக்குடன் கூடிய கடப்பிடம் அமைத்து, வாகனங்களைச் சற்று நிறுத்துவதே நியாயமானது.

பெரிய சாலையில் நடப்பவருக்கு இடமிருக்காது என்று எண்ணவும் தேவையில்லை. வியன்னா நகரின் பழைய கோட்டைச் சுவர்களை இடித்துவிட்டு அமைத்த வட்டச்சாலை 1865-இல் திறக்கப்பட்டது. அதன் ஓரங்களில் மரவரிசைகளும் நடைவழிகளும் உள்ளன. வசந்தகாலத்தில் அங்கு நடப்பதற்கென்றே மக்கள் வருகின்றனர். சென்னையின் பாண்டி பஜாரிலோ 2019-இல் வாகனத் தடத்தைக் குறைத்து அகன்ற நடைபாதை அமைத்தார்கள். நெரிசலுக்குப் பெயர்போன கடைத்தெருவிலேயே அது முடிந்திருக்கிறது.

கூலிமுக்கு அத்தனை பெரிய திட்டம் வேண்டியதில்லை. தொடர்ச்சியான நடைபாதை, உடையாத கால்வாய் மூடிகள், நிழல் தரும் மரங்கள் ஆகியவை இருந்தால் போதும். மரம் நடும்போது இடமும் பார்க்க வேண்டும். இப்போது பல இடங்களில் அழகான மரங்கள் சாலையின் நடுத்திட்டில் நிற்கின்றன. அவற்றின் நிழல் வாகனங்களின் மேல்தான் விழுகிறது. இந்த ஊருக்கே ஒரு மரத்தின் பெயர். பூண்டு மணம் வீசும் ‘கூலிம்’ என்ற காட்டுமரத்திலிருந்து அப்பெயர் வந்ததாகக் கூறுவர். அந்த மரத்தை இன்று நகரத்தில் அடையாளம் காட்டக்கூடியவர்கள் மிகச் சிலரே.

நடைபாதையை எங்கே அமைப்பது என்பதற்கு நகராண்மைக் கழகம் அதிகம் ஆராய வேண்டியிராது. சாலையோரப் புல்தரையை உற்றுப் பார்த்தால், புல் முளைக்காத மெல்லிய கோடு ஒன்று தெரியும். நாள்தோறும் நடந்து செல்பவர்களின் கால்கள் போட்ட ஒற்றையடிப் பாதை அது. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி, மரத்தடி ஒவ்வொன்றையும் தொட்டு வளைந்து, பள்ளி வாசலுக்குப் போகிறது. பங்குனி மாதத்தில் அதன்மேலும் இரண்டொரு தெக்கோமாப் பூக்கள் விழுந்து கிடக்கின்றன.