இருபது இயந்திரங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 41 வயது தியாகராஜ் சூப்ரமனிக்குச் (நம் சுப்பிரமணிதான், கடல் கடந்ததில் எழுத்து மாறிவிட்டது) சிறுநீரகம் செயலிழந்தது. அடிங்டன் அரசு மருத்துவமனையில் அப்போது இருந்த டயாலிசிஸ் இயந்திரங்கள் 20. அவற்றிலும் சில நைந்தவை. சர்க்கரையும் இதயநோயும் இருந்ததால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்த முடியாது. ஆகவே டயாலிசிஸும் கிடையாது. அங்கே அன்று அதுதான் விதி. தனியாரிடம் போனார், கைப்பணம் கரைந்தது. அவசர சிகிச்சையை எவருக்கும் மறுக்கக் கூடாது என்ற அரசியல் சாசன வரியைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். நாட்பட்ட நோய் அவசரம் ஆகாது என்று 1997 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் கையை விரித்தது. சில நாளில் இறந்தார். நீதிபதிகளை நான் நோக மாட்டேன். வாரம் மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம் ஒருவர் படுத்தால் ஓர் இயந்திரம் எத்தனை பேருக்குத்தான் வரும்? என் கோபமெல்லாம் இருபதோடு நிறுத்திக்கொண்ட பட்ஜெட் மேசைமீது.