"பார்க்கலாம்" எம்.எல்.ஏ.வை வழிக்குக் கொண்டு வருவது எப்படி?
முன்பணம் கேட்காத ஆஸ்பத்திரிச் சட்டம்: ராஜஸ்தானில் நடந்தது கோவையில் நடக்குமா?

கோவை,

உயிருக்குப் போராடுகிறவரை வாசலில் வைத்துக் கொண்டு "முன்பணம் கட்டியாச்சா?" என்று எந்த ஆஸ்பத்திரியும் கேட்கக் கூடாது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்றால் வேண்டாம் என்று எந்த எம்.எல்.ஏ.வும் சொல்ல மாட்டார். வேண்டும் என்றும் சொல்ல மாட்டார். "பார்க்கலாம்" என்பார்.

எதிர்ப்பவரைக் கூட சமாளித்து விடலாம். இந்த "பார்க்கலாம்" ஆசாமியை என்ன செய்வது?

பாம்பு கடித்தவர்

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி. மணி 11-30 இருக்கும். வேறொரு விபத்துச் செய்திக்காக நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம்.

சூலூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் வேலை செய்பவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். காலில் பாம்பு கடி. கவுண்ட்டரில் இருந்தவர் 20 ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னார். கூட வந்தவர்களின் சட்டைப் பைகளைத் தட்டிப் பார்த்ததில் 3 ஆயிரத்துச் சொச்சம்தான் தேறியது.

அதே நேரம், நான் தேடி வந்த விபத்துக் கேஸ் உள்ளே படுத்திருந்தது. அவரிடம் யாரும் காசு கேட்கவில்லை.

ஆட்டோவில் வந்த பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங் தம்பி, ரோட்டுல வண்டி அடிச்சா காசு வேண்டாமாம். பாம்பு அடிச்சா காசு வேணுமாம். இது என்னுங்க நாயம்?"

ஆட்டோ திருச்சி ரோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. ஆள் பிழைத்துக் கொண்டார். பெரியவர் கேட்ட கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்தேன்.

திட்டம் வேறு, சட்டம் வேறு

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18-ந் தேதி தொடங்கியது. தனியார் ஆஸ்பத்திரிக்கும் அரசே பணம் கொடுக்கும். நல்ல திட்டம். ஆனால் அது ரோட்டுக்கு மட்டும். பாம்புக்கும் மாரடைப்புக்கும் அதில் இடமில்லை.

சரி, முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே? 2022-ல் அதைப் புதுப்பித்தபோது குடும்ப வருமான வரம்பை 72 ஆயிரத்தில் இருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் ஆக்கினார்கள். மாசக் கணக்கில் 10 ஆயிரம் ரூபாய்.

இ.எஸ்.ஐ.? தமிழ்நாட்டில் அது முதலில் வந்ததே நம்ம கோயம்புத்தூருக்குத்தான், 1955-ல். சம்பள வரம்பு 2017-ல் 21 ஆயிரம் ஆனது. ஆனால் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். 6 பேர் வேலை செய்யும் தறிக்குடோன். மாசம் 14 ஆயிரம் சம்பளம். காப்பீட்டுக்கு இவர் பணக்காரர். இ.எஸ்.ஐ.க்கு இவர் முதலாளி சின்னவர். இரண்டு வலைக்கும் நடுவில் ஆள் விழுந்து விடுகிறார். சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கம் போனால் இப்படி விழக் கூடியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

உயிர் காக்கும் சிகிச்சையை எந்த டாக்டரும் தட்டிக் கழிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-லேயே சொல்லி விட்டது. ரெயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பிய மேற்கு வங்காள வழக்கில், 1996-ல் 25 ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. ஆனால் தனியார் ஆஸ்பத்திரி சிகிச்சை கொடுத்தால் பில்லை யார் கட்டுவது? அதைச் சட்டசபைதான் தீர்மானிக்க வேண்டும்.

ஜெய்ப்பூரில் நடந்த கதை

தீர்மானித்துப் பார்த்த முதல் மாநிலம் ராஜஸ்தான். முதல்-மந்திரியாக இருந்த அசோக் கெலாட் அரசு 2022 செப்டம்பரில் சுகாதார உரிமை மசோதாவைக் கொண்டு வந்தது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது, நோயாளியால் கட்ட முடியாவிட்டால் செலவை அரசு ஈடு கட்டும் என்பது அதன் உயிர்நாடி.

எதிர்ப்பு கிளம்பியதும் மசோதா தேர்வுக் குழுவுக்குப் போனது. அங்கே ஆறு மாதம் இழுபறி. ஒரு பக்கம் டாக்டர்கள் சங்கங்கள். மறு பக்கம் ஜன் ஸ்வாஸ்திய அபியான் போன்ற மக்கள் அமைப்புகள். நடுவில் எம்.எல்.ஏ.க்கள்.

2023 மார்ச் 21-ந் தேதி குரல் ஓட்டில் மசோதா நிறைவேறியது. தனியார் ஆஸ்பத்திரிகள் கதவை மூடின. டாக்டர்கள் ஊர்வலம் போனார்கள். போலீசார் தண்ணீர் பீய்ச்சினார்கள். நோயாளிகள் அரசு ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் பாய் விரித்தார்கள்.

ஏப்ரல் 4-ந் தேதி சமரசம். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்கு. அரசிடம் சலுகை விலையில் நிலமோ கட்டிடமோ வாங்காத ஆஸ்பத்திரிகளுக்கும் விலக்கு.

டாக்டர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்னூரிலோ காங்கயத்திலோ 12 படுக்கை வைத்து நடத்தும் டாக்டருக்கு மாசா மாசம் நர்சு சம்பளம், கரண்டு பில், பாங்கு வட்டி இருக்கிறது. "அரசு பிறகு தரும்" என்றால் எத்தனை மாசம் பிறகு என்று அவர் கேட்பது தப்பா? "எந்தத் தேதிக்குள் பணம் வரும்" என்று சட்டத்திலேயே எழுதினால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும் என்பது என் கணக்கு.

அமெரிக்காவில் ஒரு "பார்க்கலாம்"

இந்த வகை ஆசாமி வெளிநாட்டிலும் உண்டு. 2009-ல் ஒபாமா சுகாதார மசோதா கொண்டு வந்தபோது செனட் சபையில் 60 ஓட்டு தேவைப்பட்டது. ஒபாமா கட்சியிலேயே இருந்த நெப்ராஸ்கா மாநில செனட்டர் பென் நெல்சன் கடைசி வரை பிடி கொடுக்கவில்லை. அரசியலுக்கு வருமுன் அவர் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி!

கடைசியில் தன் மாநிலத்துக்கு மட்டும் கூடுதல் நிதி என்ற பேரத்துக்குப் பிறகுதான் தலையாட்டினார். டிசம்பர் 24-ந் தேதி 60-க்கு 39 என்று மசோதா தேறியது. ஊரே சிரித்ததால் அந்தத் தனிச் சலுகையைப் பின்னர் எடுத்து விட்டார்கள். 2012-ல் அவர் தேர்தலிலேயே நிற்கவில்லை. கீழ்ச்சபையில் 219-க்கு 212 என்று மயிரிழையில் தேறியது 2010 மார்ச் 21-ந் தேதி. ராஜஸ்தான் மசோதாவும் மார்ச் 21-தான். தற்செயல்!

2017-ல் அதே சட்டத்தை ஒழிக்க டிரம்ப் கட்சியினர் முயன்றபோது, சக்கர நாற்காலியில் வந்த ஊனமுற்றோர் தலைவர்களின் ஆபீஸ் வாசலை மறித்தார்கள். போலீசார் தூக்கிக் கொண்டு போனார்கள். ஜூலை 28-ந் தேதி விடியற்காலையில் அதே கட்சியைச் சேர்ந்த 3 செனட்டர்கள் எதிர்த்து ஓட்டுப் போட, 49-க்கு 51 என்று முயற்சி தோற்றது.

கொறடா குறுக்கே நிற்கிறார்

இதைப் படித்து விட்டு, நம்ம எம்.எல்.ஏ. வீட்டு முன்னாலும் உட்காரலாம் என்று கிளம்பி விடாதீர்கள். அங்கே செனட்டர் கட்சியை மீறி ஓட்டுப் போடலாம். பதவி போகாது. இங்கே 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவி காலி.

ஓட்டுப் போடுவது வரைக்கும் கூடப் போக வேண்டாம். 2017-ல் கவர்னரிடம் மனு கொடுத்ததற்கே 18 எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தார்கள். தகுதி நீக்கம் செய்த சபாநாயகர் தனபால் அப்போது நம்ம அவினாசி தொகுதிக்காரர்.

ஆகவே ஓட்டெடுப்பு நாளில் நெருக்குவது வீண். அதற்கு முன்னால் நெருக்க வேண்டும். எம்.எல்.ஏ. சட்டசபையில் கேள்வி கேட்கலாம். அதற்கு கொறடா தடை இல்லை. மந்திரி சபையில் கொடுத்த வாக்கைத் துரத்த அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மனுக்கள் குழு இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதற்கு மனு எழுதியிருக்கிறோம்? தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும்தான் நாம் எம்.எல்.ஏ.வைப் பார்க்கிறோம். அவரும் தொகுதி நிதியில் ஒரு ஸ்கேன் மிஷின் வாங்கிக் கொடுத்து மாலை போட்டுக் கொள்கிறார்.

இன்னொரு சங்கதி, குரல் ஓட்டு. "ஆம்" என்று யார் கத்தினார், யார் வாயை மூடிக் கொண்டிருந்தார் என்று பதிவு இருக்காது. "பார்க்கலாம்" ஆசாமிக்கு இதைவிட வசதி வேறில்லை. அதனால்தான் வாயால் சொல்வதைப் பேப்பரில் வாங்க வேண்டும்.

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டத்திலும் சேர்ந்து 26 தொகுதிகள். கட்சி பாராமல் 26 பேரும் ஒரே கேள்வியை எழுப்பினால் எந்த அரசும் பதில் சொல்லியே ஆக வேண்டும். நடக்குமா என்று சிரிக்காதீர்கள். அத்திக்கடவு-அவினாசி திட்டம் எப்படி வந்தது? அறுபது வருஷக் கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவினாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம். எந்தக் கட்சி வேட்பாளரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாத நிலை. 2019-ல் ஒரு ஆட்சி அடிக்கல் நாட்டியது. 2024 ஆகஸ்டு 17-ந் தேதி வேறு ஆட்சி திறந்து வைத்தது.

விதி எழுதாத சட்டம்

சட்டம் வந்து விட்டால் போதுமா? அங்கேதான் ஏமாந்து போகிறோம். தனியார் ஆஸ்பத்திரிகளை முறைப்படுத்த தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் போட்டார்கள். அதற்கு விதிகள் வந்தது 2018-ல். 21 வருஷம்! அந்தச் சட்டம் பிறந்த அன்று பிறந்த பிள்ளை ஓட்டுப் போட்டு விட்டது.

ராஜஸ்தானிலும் இதே கதை. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியது. 2024 முழுவதும் ஓடியும் சுகாதார உரிமைச் சட்டத்துக்கு விதிகள் எழுதப்படவில்லை. தெருவில் சண்டை போட்டு வாங்கிய சட்டம் பீரோவில் தூங்கியது.

ஆகவே எம்.எல்.ஏ.விடம் "ஆதரிப்பீர்களா?" என்று மட்டும் கேட்பது போதாது. "விதிகள் எந்தத் தேதிக்குள்? ஆஸ்பத்திரிக்குப் பணம் எத்தனை நாளில்?" என்றும் கேட்க வேண்டும்.

அந்தப் பெரியவரைப் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தறிக்காரர்கள் 40 பேர் கையெழுத்துப் போட்டு தங்கள் எம்.எல்.ஏ. ஆபீசில் மனு கொடுத்தார்களாம்.

"என்னங்க சொன்னார்?" என்றேன்.

"பார்க்கலாமுங்கன்னாரு. அதையே எழுதிக் குடுங்கன்னு கேட்டமுங்க. பேனா தேடறேன்னு உள்ள போனவரு, வெளிய வரலீங்க. நாளைக்கு மறுக்காப் போறமுங்க."