திரைக்குள் வந்த சந்தா



சந்தா என்றால் நம் மஹல்லாக்களில் பள்ளிவாசல் சந்தாதான் நினைவுக்கு வரும். மாதம் பிறந்ததும் மோதினார் ரசீதுப் புத்தகத்துடன் வருவார்; கொடுப்போம், ரசீதை வாங்கிக்கொள்வோம். இன்று அதே சொல் கணினிக்குள்ளும் புகுந்துவிட்டது. இங்கே வாசலில் நின்று கேட்பவர் எவருமில்லை. நாம் உறங்கும்போதே பணம் எடுக்கப்படுகிறது.

எங்கள் மத்ரஸாவில் நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பொதுமுடக்கக் காலத்தில் இணைய வகுப்புக்காக ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டினோம். பிள்ளைகள் பாய்க்குத் திரும்பிய பிறகும் பதினொரு மாதங்கள் அது தானாகவே புதுப்பிக்கப்பட்டு வந்தது. இத்தகைய தொகையைப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அட்டைதாரருக்கு அறிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. அறிவிப்பும் வந்திருக்கிறது, பொறுப்பிலிருந்து விலகிவிட்ட பழைய செயலாளரின் கைபேசிக்கு! கணக்கைச் சரிபார்த்த பெரியவர் ஒருவர் அந்த வரியில் விரல் வைத்து, "இது என்ன ஹஸ்ரத்?" என்று கேட்டபோது எங்களிடம் பதிலில்லை. ஏழைத் தாய்மார்கள் உண்டியலில் போட்ட ஸதகாப் பணம் அது.

2013ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம், ஃபோட்டோஷாப் முதலிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தா வழியாக மட்டுமே தருவதாக அறிவித்தது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன. நாம் இன்னும் "வாங்கினேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஃபிக்ஹின் பார்வையில் இது வாங்கல் அன்று. இஜாரா, அதாவது வாடகை. பொருள் நம்முடையதாவதில்லை, பயன் மட்டுமே குறித்த காலத்திற்கு நம்முடையது. பயன், காலம், கூலி மூன்றும் தெளிவாக இருந்தால் இதில் குற்றமில்லை என்றே கருதுகிறோம்.

தெளிவுதான் பல இடங்களில் இல்லை. மாதந்தோறும் செலுத்தும் ஆண்டுச் சந்தாவை இடையில் நிறுத்துவோரிடம் வாங்கும் கட்டணத்தை மறைத்ததாகக் குற்றஞ்சாட்டி, 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மீது வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நிறைவேற்ற வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டுமே! நிபந்தனைகளைப் படிக்காமலே "சம்மதம்" என்று அழுத்தும் நாமும் இதில் பங்காளிகள்தாம்.

விலை அதிகம், ஆகவே பூட்டுடைத்த பிரதியைப் போட்டுக்கொள்வோம் என்போர் நம்மில் ஏராளம். ஒரு காலத்தில் மக்தப் பாடநூலை நாங்களும் அப்படித்தான் வடிவமைத்தோம், அல்லாஹ் மன்னிப்பானாக. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்க உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்தது. மென்பொருளும் அதில் அடங்கும் என்பதே எங்கள் கருத்து. ஹராம், ஹலால் பாடத்தைத் திருட்டு மென்பொருளில் அச்சுக்கோப்பதை என்னவென்பது? கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆஃபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழும் அதில் நன்றாக ஓடுகிறது.

இன்னொன்று. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசாணையைக் காட்டி, வெனிசுலா நாட்டவரின் கணக்குகளை முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. பின்னர் அரசின் உரிமம் பெற்று அம்முடிவைக் கைவிட்டது. எங்கோ ஒரு நாட்டின் ஆணைக்கு இன்னொரு நாட்டவரின் உழைப்பு பூட்டப்படக்கூடும் என்றால், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும் அனாதைகளின் உதவிப் பட்டியலையும் கிளவுடில் மட்டும் வைத்திருப்பது அமானிதத்தைக் காப்பதாகுமா? எங்கள் பதிவேடுகளுக்குத் தனி வன்தட்டில் ஒரு நகலும், காகிதத்தில் ஒரு நகலும் எடுத்துவிட்டோம்.

கணக்குப் புத்தகத்திலும் சந்தாக்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்: எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், அறிவிப்பு யாருடைய கைபேசிக்கு. அந்தப் பதினொரு மாதத் தொகையை ஆசிரியர்கள் நால்வரும் பகிர்ந்து, அதே உண்டியலில் செலுத்தினோம்.